பேனா வட்டம்

அரிக்கிற மாதிரி இருந்தது. நிஜமாகவே அரிக்கிறதா, அரித்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டிருப்பதால் அரிக்கிறதா என்று செண்பகவல்லிக்குப் பிடிபடவில்லை. வலது முன்கையின் உட்புறத்தில் அந்தப் புது நர்ஸ் நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தாள். வட்டத்துக்கு நடுவில் கொசு கடித்த அளவுக்கு ஒரு சின்ன மேடு. டெஸ்ட் டோஸ். பென்சிலின் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அந்த ஒரு சொட்டு மருந்து அரைமணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். தடிக்காமல், சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் முழு ஊசி. பதினோரு வயதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. இப்போது முப்பத்தெட்டு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பார்கள், தலை நரைத்தவளிடம் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதைப் போல. "தொட்டுராதீங்கக்கா. தேச்சீங்கன்னா சும்மாவே தடிச்சுரும். தடிச்சிருந்தா நான் போட மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் உள்ளே போனாள். அபிஷா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. அந்தச் சொட்டைப் போடும்போதே, "இந்த ஊசி நான் போட்டதே இல்லக்கா. படிக்கும்போது பாத்ததோட சரி" என்றாள், மறைக்கத் தெரியாமல். செண்பகம் பெஞ்சில் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடமோ எதையோ வாங்கக் காத்திருக்கிற கை மாதிரி இருந்தது. மேலே விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதன்மீதோ உரசியது. எதிர்ச் சுவரில் சத்தமில்லாமல் டிவி ஓடியது. யாரோ ஒரு பெண் வாயை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள்.

தொண்டை பிடித்தது நேற்று முன்தினம். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு எச்சில் விழுங்கினால் காதுக்குள் போய்க் குத்துகிற வலி. கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சிவந்து, ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளி. வேறு யாருக்கும் அது தொண்டைவலிதான். சுக்குக் காப்பி, உப்புத் தண்ணீர், நாலு நாளில் தானாகப் போய்விடும். அவளுக்கு மட்டும் அது வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள். ஊசி போட வேண்டிய நாளும் ஒரு வாரம் தாண்டிவிட்டது. இத்தனை வருஷமாகப் போட்டுவந்த சகாயம் சிஸ்டர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன்பு, "இனி யார்ட்டயாவது கெஞ்சித்தான் போடணும் நீ, சொல்லிட்டேன்" என்றார்கள். காலையிலிருந்து அதுதான் நடக்கிறது. முதலில் போன இடத்தில் கம்பவுண்டர் மருந்துப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பெயரைப் படித்ததும் சூடு பட்டதுபோலத் திருப்பிக் கொடுத்தார். "யம்மா, நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க. உனக்கு ஒண்ணுன்னா எங்க போர்டை எறக்கிருவாங்க." இரண்டாவது இடத்தில் திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். இது மூன்றாவது. இங்கே இருக்கிற வயதான டாக்டர் மட்டும் அவளுடைய பைலைப் புரட்டிவிட்டு நர்ஸிடம், "டெஸ்ட் பண்ணிப் பாத்துப் போடும்மா. சந்தேகமா இருந்தா வேண்டாம், அலர்ஜின்னு எழுதி மாத்திரையா குடுத்துருவோம்" என்றார். சந்தேகமாக இருந்தால் வேண்டாம். அந்த வாக்கியம் பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு தேய்ப்பு போதும். இடது கைக் கட்டைவிரலால், சும்மா சேலையைச் சரிசெய்கிறவள் போல, ஒரே ஒரு தேய்ப்பு. தடித்துவிடும். அந்தப் பெண் வந்து பார்ப்பாள், பயந்துபோவாள், உள்ளே ஓடுவாள். டாக்டர் சிவப்பு மையில் பைலின் மேல் அட்டையில் எழுதுவார். அதற்குப் பிறகு இந்தத் தேசத்தில் எந்த நர்ஸும் அவளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்ல மாட்டாள். ஒத்துக்கொள்ளாது. எவ்வளவு நல்ல சொல். அவள் வாழ்க்கையில் எதற்கும் அதைச் சொன்னதில்லை. சேலைக் கடையில் காலை முதல் ராத்திரி வரை நிற்க வேண்டும், உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மாடியிலிருந்து போன் வரும், ஒத்துக்கொண்டாள். ஊசி போட்ட மறுநாள் இடுப்புக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இருக்கும், அந்தக் காலை லேசாக இழுத்துக்கொண்டு பட்டுச்சேலைப் பிரிவுக்கும் பூனம் சேலைப் பிரிவுக்கும் நடப்பாள். சுளுக்கு என்பாள். சூப்பர்வைசர் ராசாமணி ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "செண்பகத்துச் சுளுக்குக்கு மட்டும் காலண்டர் பாக்கத் தெரியும்போல. மூணு வாரம்னா டாண்ணு வந்துருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நெஞ்சுக்கு என்று சொன்னால் வேலை போய்விடும். நெஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் ஜனங்கள் ஓர் அடி தள்ளி நிற்கிறார்கள். சளியைவிட வேகமாக ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

வட்டத்தைப் பார்க்காமல் இருக்கலாம். டிவியைப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள், இப்போது வேறு சேலையில். மயில் கழுத்து நிறம், கரை மட்டம், கடையில் விற்பது கஷ்டம். தொண்டை வலித்தது. தொண்டைவலி என்று முதன்முதலில் சொன்னது ஐந்தாம் வகுப்பில். அம்மா வாயைத் திறந்து பார்த்தாள், "உள்நாக்கு எறங்கிருச்சு" என்றாள், தெருக்கோடியில் இருந்த பண்டாரத்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் அவளைக் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து, உச்சந்தலை முடியில் ஒரு கொத்தை விரலில் சுற்றி, சொல்லாமல் கொள்ளாமல் வெடுக்கென்று இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, மண்டை ஓடு கழன்றதுபோல. "கேட்டுச்சா? உள்நாக்கு ஏறிருச்சு." அம்மா வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். வலியும் போயே போய்விட்டது, அதுதான் வேடிக்கை. தானாகப் போகிற வலி. போகிறபோது உள்ளே எதை விட்டுவிட்டுப் போகிறது என்று உச்சிமுடிக்கு எப்படித் தெரியும். மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. தொட்டால் சுட்டது, போர்வை பட்டால்கூட அலறினாள். அம்மா வேப்பெண்ணெய் தடவினாள். மறுநாள் முழங்கால் சரியாகிவிட்டது, கணுக்கால் வீங்கியது. அடுத்து மணிக்கட்டு. பள்ளிக்கூடத்தில் கிரேஸ் டீச்சர், "நேத்து முழங்கால்னு சொன்னே, இன்னைக்குக் கைன்னு சொல்றே. வலிக்குக் கால் முளைச்சு ஓடுதாக்கும்? எழுதச் சோம்பல்னா சோம்பல்னு சொல்லு" என்று ஸ்கேலால் அந்த மணிக்கட்டிலேயே ஒன்று போட்டார்கள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். எந்த மூட்டில் வலித்ததோ அந்த மூட்டைத்தான் சொன்னாள். அம்மாவும் நம்பவில்லை. ஒரே இடத்தில் நிற்காத வலியை யார் நம்புவார்கள். வலி என்றால் அதற்கு ஒரு வீடு, ஒரு கதவு எண் இருக்க வேண்டும். கடைசியில் அது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. அங்கேயே இருந்துவிட்டது. அங்கே வலிக்கவே இல்லை, அதனால் அவள் எதுவும் சொல்லவில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். மணிமணியாக, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சரம். "ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமிம்மா. பாசிமணி கோத்த மாதிரி இருக்கும். தொண்டையில வந்து உக்காரும். உடம்பு அதை அடிக்கும், விரட்டும். ஆனா அந்தக் கிருமியோட ஜாடை இதயத்து வால்வுல கொஞ்சம் இருக்கு. உடம்புக்கு அடையாளம் குழம்பிப்போகுது. திருடன்னு நெனச்சு வீட்டு ஆளையே போட்டு அடிக்குது." அம்மா அதற்குப் பிறகு பலநாள் அவள் கழுத்தில் பாசிமணி போடவிடவில்லை. திருவிழாவில் வாங்கிய மாலையைக் கழற்றி வாய்க்காலில் எறிந்தாள். ஆனால் ஊசியை மட்டும் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை; தீப்பெட்டி ஆபீஸில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்துக் கூட்டிப்போனாள். மறுபடி ஒரு தொண்டைவலி, மறுபடி ஒரு அடி, அடிபட்ட இடத்திலேயே. அது நடக்காமல் இருக்கத்தான் ஊசி. செண்பகம் இப்போது எச்சில் விழுங்கினாள். அந்தக் கிருமிகள் உள்ளே வந்தாயிற்றா? சரம் சரமாக, தொண்டைச் சுவரில் ஒட்டிக்கொண்டு. ஏற்கெனவே சுருங்கி, பலூன் வைத்து விரித்து, மறுபடி கொஞ்சம் சுருங்கிக்கொண்டிருக்கிற வால்வு. இடது மார்புக்குக் கீழே கையை வைக்க வேண்டும்போல இருந்தது, வைக்கவில்லை. வலது கை வட்டத்தோடு மடியில் கிடந்தது. இடது கை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கைதான் பயமாக இருந்தது.

மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாகிறவரை. ஒரு தடவை அப்படியும் பார்த்தாயிற்று. கல்யாணமான புதிதில், ஊசி வேண்டாம், மாத்திரையே போட்டுக்கொள்கிறேன் என்று அவளே கேட்டு வாங்கினாள். புது வீட்டில் காலை இழுத்துக்கொண்டு நடக்க வெட்கமாக இருந்தது. மாமியார் பார்க்காமல் போட வேண்டும், விசேஷ வீடுகளுக்குப் போனால் டப்பாவை மறைக்க வேண்டும், ஒரு நாள் மறந்தாள், இரண்டு நாள் மறந்தாள், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு மாதம் மறந்தாள். அந்த வருஷக் கடைசியில், அப்போது வேலை பார்த்த கடையின் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கட்டுச் சேலை தோளில். கீழே பார்த்தால் கீழ்ப்படியும் தூரம், மேலே பார்த்தால் மேல்படியும் தூரம். மூச்சு உள்ளே வந்தது, ஆனால் வந்து சேரவில்லை. படுத்தால் தண்ணீருக்குள் அமுக்குவதுபோல இருந்ததால் எத்தனையோ நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். அப்புறம்தான் பலூன். தொடை வழியாகக் குழாய் விட்டு, மேலே கொண்டுபோய் விரித்தார்கள். பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் அப்போதுதான். அவள் புருஷன் கழுகாசலம் அந்த டாக்டரிடம் "சரிங்க சார்" என்றான். அவளிடம் "சரி விடு" என்றான். நல்ல மனுஷன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசியதில்லை, தன் அம்மாவைப் பேசவிட்டதில்லை. இத்தனை வருஷமும் ஊசி நாளில் லோடு ஆட்டோவை ஓரமாகப் போட்டுவிட்டு வெளியே நின்றிருக்கிறான். அந்தச் சரி மட்டும் அவளுக்கு எங்கேயோ செரிக்காமல் கிடந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் கத்தியிருக்கலாம், ஒரு சட்டியையாவது போட்டு உடைத்திருக்கலாம்.

கண்ணை மூடினால் தூங்கிவிடலாம்போல இருந்தது. அசதி காலிலிருந்து ஏறவில்லை, எலும்பிலிருந்து வெளியே வந்தது. இன்னும் எத்தனை ஊசி. நாற்பதுக்கு மேல் நிறுத்திப் பார்க்கலாம் என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். நாற்பதை நெருங்க நெருங்க, உன் வால்வுக்கு ஆயுசுக்கும் போடுவது நல்லது என்கிறார்கள். ஆயுசு என்பது இடுப்பில் மாறி மாறி விழுகிற துளைகளின் கணக்குதானா. நிழல் விழுந்தது. கழுகாசலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தான், கழுத்தில் துண்டு, சட்டையில் தீப்பெட்டி பண்டல்களின் மருந்து வாடை. "என்னட்டி, ஆச்சா?" "இன்னும் இல்லங்க. டெஸ்ட் வச்சிருக்கு." அவன் குனிந்து வட்டத்தைப் பார்த்தான். "தடிச்சிருக்கோ?" "தெரியல." "அரிக்குதா?" அவள் டிவி பக்கம் திரும்பினாள். அவன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தான். "லோடு ஏத்த வரச் சொல்லிப் போன் மேல போன். அது கெடக்கட்டும். காலைல இருந்து உன்னைய நாய் மாதிரி அலையவிட்டுட்டானுங்க." அவள், "அரிச்சா மாத்திரைக்கு மாத்திருவாங்களாம்" என்றாள். சும்மாதான் சொன்னாள், எப்படி இருக்கிறது என்று பார்க்க. அவன் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. தலையில் சுமந்த மூட்டையை இன்னொருவர் ஒரு கை பிடித்ததும் கழுத்து தளருமே, அப்படி. "மாத்திரையா? நல்லதாப் போச்சு. பேசாம மாத்திக்கிருவோம். உனக்கும் வலி மிச்சம், எனக்கும் அலைச்சல் மிச்சம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரிக்குதுன்னா அரிக்குதுன்னு சொல்லிரு. இதுக்காக உயிரா போயிரப்போவுது?" என்றான்.

போகும். அவனுக்கும் தெரியும், மாடிப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது அவன்தான். தெரிந்தும் மறந்திருந்தான், அசதி அப்படித்தான் செய்யும், தெரிந்ததையெல்லாம் மெல்ல இறக்கி வைக்கும். அவன்மேல் கோபம் வந்தது. எவ்வளவு நாளாயிற்று கோபம் வந்து. அது வந்ததில் அவளுக்கே ஒரு ஆச்சரியம், பழைய பெட்டியைத் திறந்தால் நாம் மறந்துபோன நல்ல சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருப்பதுபோல. அரித்தது. இப்போது நன்றாக அரித்தது. வலது கை. இல்லை, இடது கை. இடது முன்கையில், ஊசியே படாத இடத்தில், அதே இடத்தில், அதே மாதிரி. கழுத்திலும் அரித்தது. உள்ளங்காலில் அரித்தது. ஒரு சொட்டு மருந்துக்கு இவ்வளவு ஊர் சுற்ற நேரம் ஏது. சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. "என்னட்டி?" என்றான் அவன். "ஒண்ணுமில்ல. போய் லோடை ஏத்துங்க. நான் ஷேர் ஆட்டோவுல வந்துக்கிருதேன்." அவன் போகவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அபிஷா வந்தாள். மூக்கு நுனியில் வியர்த்திருந்தது. செண்பகத்தின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "செவந்திருக்கான்னு தெரியலியே. உங்க கலர்ல ஒண்ணும் தெரியமாட்டேங்குதுக்கா." "சேலைக் கடையில இந்தக் கலருக்கு நாங்க மாநிறம்னு பேர் வச்சிருக்கோம்" என்றாள் செண்பகம். கழுகாசலம் சிரித்தான், அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டத்துக்குள் விரல் நுனியால் இரண்டு தடவை தடவினாள். "மேடு அமுங்கிருச்சு. டாக்டர் நீங்க சொல்றதக் கேட்டு முடிவு பண்ணச் சொன்னாரு. அரிக்குதாக்கா? லேசா அரிச்சாலும் சொல்லிருங்க. ஒரு தப்பும் இல்ல. எழுதிட்டு மாத்திரை தந்துருவோம்." அவள் கண் கெஞ்சியது. சொல்லேன், சொல்லிவிடேன் என்றது. பெஞ்சு நுனியில் அவனும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான், வாயைத் திறக்காமல். இரண்டு பேர், அவளையும் சேர்த்தால் மூன்று பேர், அவள் ஒரு சொல் சொன்னால் இந்த மத்தியானத்திலிருந்து எழுந்து போய்விடலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. முழங்கால் என்றபோது நம்பவில்லை, மணிக்கட்டு என்றபோது நம்பவில்லை, ஸ்கேலால் அடித்தார்கள். இன்றைக்கு அவள் என்ன சொன்னாலும் அதுதான் நிஜம் என்று எழுதிக்கொள்ள ஆள் நிற்கிறது. கொஞ்சநேரம் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்திருந்தாள். தொண்டை வலித்தது.

"இல்ல" என்றாள்.

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல. போடு."

கழுகாசலம் எழுந்து வெளியே போனான். உள்ளறையில் கட்டில் உயரமாக இருந்தது. ஏறிச் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடிப் பாட்டிலைக் குலுக்குகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி கனமான மருந்து. ஊசிக்குள் நின்றால் இறுகிப்போகும், அதனால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும். சுவரில் யாரோ தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு திட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டாள். பஞ்சு குளிர்ந்தது. ஊசி குத்தியது. பிறகு அந்த வலி, கொதிக்கிற மெழுகைச் சதைக்குள் ஊற்றுவதுபோலத் தொடை வழியாக முழங்கால்வரை இறங்கியது. அவள் அறியாமலே ஒரு சத்தம் போட்டாள். பின்னால் கை நின்றுவிட்டது. மறுபடி அழுத்தியது. அழுத்தியது. ஒன்றும் நகரவில்லை.

"அக்கா." அபிஷாவின் குரல் உடைந்திருந்தது. "அடைச்சிருச்சுக்கா. நீங்க கத்தவும் நான் நிறுத்திட்டேன்."

"எவ்வளவு போச்சு?"

"பாதி. பாதி உள்ள போயிருச்சு, பாதி நிக்குது." ஊசியை உருவியது தெரிந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "டாக்டரக் கூப்பிடட்டுமா? இல்ல, போனது போதும்னு விட்ரலாமா அக்கா?"

பாதி. பாதி என்பது எத்தனை நாளைக்குக் காவல்? ஒன்றரை வாரமா? வெள்ளைப் புள்ளிகள் அவ்வளவு நாள் காத்திருக்குமா? அறைக்கு வெளியே அவன் யாருடனோ போனில், இதோ வந்துருவேன், அஞ்சே நிமிஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். செண்பகத்தின் காலில் வலி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் தலையணையில் துடைத்துக்கொண்டாள்.

"ஊசிய மாத்து" என்றாள். "இந்தத் தடவ நான் என்ன சத்தம் போட்டாலும் நிறுத்தாத."

கையை ஊன்றி எழுந்து, சுவருக்கு முதுகைக் காட்டி, குத்தாத இடுப்பு மேலே வரும்படி மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.